வத்தல் காயாத மாடி

2025 மார்ச்சில் எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டின் மேற்கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. செய்தி எனக்கு அம்மாவின் வாய்ஸ் நோட்டாகத்தான் வந்தது.

"எய்யா, பாரதியார் வீடும் நம்ம அரங்கு மாதிரியே விழுந்துட்டாம். டிவியில காட்டுதாங்க."

அவ்வளவுதான். கூடவே ஒரு பெருமூச்சு.

அன்று இரவு ஃபேஸ்புக் முழுக்க ஒரே வாக்கியம் பல வடிவங்களில் ஓடிக்கொண்டிருந்தது: மகாகவிக்கே இந்தக் கதியா? நானும் ஒன்று எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். கோபப்பட எனக்குக் கொஞ்சம் யோக்கியதை குறைவு. அதே வகைக் கூரை ஒன்றை என் சொந்தப் பணத்தில், நல்லெண்ணத்தோடு, விழவைத்தவன் நான்.

ஒரு நாவலை விமர்சிக்கும்போது அதன் கதையோடு நிறுத்துவதில்லை. சொல்முறை, அமைப்பு, எங்கே இழுக்கிறது, எங்கே இற்றுப்போயிருக்கிறது என்றெல்லாம் பார்க்கிறோம். ஆனால் எழுத்தாளனின் வீடு என்று வந்ததும் விமர்சனம் நின்றுவிடுகிறது, பக்தி தொடங்கிவிடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அண்ணாந்துகூடப் பார்க்காமல் திரும்பிவிடுகிறோம். அந்த வீட்டை ஒரு பிரதியாக வாசிக்க முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் முயற்சி. அதற்கு முதலில் எங்கள் வீட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

*

எங்கள் வீடு தூத்துக்குடியில், பனிமய மாதா கோவிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு முடுக்குக்குள் இருக்கிறது. சங்கும் முத்தும் வாங்கி விற்ற ஒருவரிடமிருந்து தாத்தாவின் அப்பா வாங்கியது. ஆச்சி அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது முத்துச்சிலாபம் பற்றிய பேச்சு இன்னும் தெருவில் இருந்ததாம். மன்னார் வளைகுடாவின் நம் கரையில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதற்குப் பிறகு கடல் முத்துத் தரவில்லை. தெருவில் வியாபாரிகள் போய் வாடகைக்காரர்கள் வந்தார்கள்.

வெளியே திண்ணை. உள்ளே தார்சா. அதைத் தாண்டினால் பட்டாசல். நடுவில் வானம் பார்த்த வெளி. நாங்கள் அதை வானவெளி என்போம், தஞ்சாவூர்க்காரர்கள் முற்றம் என்பார்கள். வானவெளியின் ஒரு பக்கம் அடுக்களையும் அங்கணமும், மறுபக்கம் சன்னல் இல்லாத இருட்டறை ஒன்று. அதுதான் அரங்கு. நெல், புளி, பித்தளைப் பாத்திரம், பிறகு பிரசவம் எல்லாம் அங்கேதான். என் அப்பா பிறந்தது அந்த அரங்கில். பின்னால் புறவாசல், கிணறு. எட்டயபுரத்து அக்ரகார வீட்டில் திண்ணைக்கு அடுத்தது ரேழி, பிறகு கூடம். பெயர்களும் சாதியும் மாறும். வெயிலிலிருந்து நிழலுக்கு, தெருவிலிருந்து குடும்பத்துக்கு, ஆணிலிருந்து பெண்ணுக்கு என்று படிப்படியாக உள்ளே இழுக்கும் வாக்கிய அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

இரண்டுக்கும் மேலே அதே கூரை. கட்டடப் புத்தகங்களில் அதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். எங்கள் பக்கம் மட்டப்பா, தட்டட்டி. சுவருக்குச் சுவர் ஒன்றரை அடி இடைவெளியில் மரக்கட்டைகள். வசதி இருந்தால் தேக்கு, இல்லாவிட்டால் வைரம் பாய்ந்த பனை. கட்டைகளின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்வாக, குத்துக்கல்லாக, சுண்ணாம்புச் சாந்தில் வரிசையாக நிறுத்துவார்கள். அதற்கு மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குக் கொட்டி, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடிப்பார்கள். அடிக்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்களாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். கடைசியில் தட்டோடு பதித்துச் சுண்ணாம்புப் பூச்சு. இரும்பும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. அந்தக் கூரை நூறு வருடம் நிற்கும்.

நிற்கும், ஒரு நிபந்தனையோடு. நான் புரிந்துகொள்ளத் தவறியது அந்த நிபந்தனையைத்தான்.

*

வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தது. அம்மாவுக்கு ஒரே புகார்: சுவரில் ஓதம், பூச்சு உப்பரித்துக் கொட்டுகிறது. கடற்கரை ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள புகார்தான். வீடியோ காலில் பார்த்துவிட்டு, பெங்களூரில் இருந்தபடியே முடிவெடுத்தேன். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட். அதன்மேல் ஐந்து வருடம் தாங்கும் எமல்ஷன். மாடியில் இரண்டு அங்குலத்துக்கு சிமெண்ட் தளம், அதற்கு மேல் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. வேலைக்கு வந்த வயதான கொத்தனார் அம்மாவிடம் சொன்னாராம்: "தம்பிகிட்டச் சொல்லுங்க, இது மூச்சு விடுற சொவரு." அம்மா என்னிடம் சொன்னாள். நான் சிரித்தேன். சுவர் எப்படி மூச்சு விடும் என்று கேட்டேன்.

விடும் என்பது பிறகுதான் தெரிந்தது. சுண்ணாம்பு நுண்துளைகள் உள்ள பொருள். தண்ணீர் உள்ளே போவதைத் தடுப்பது அதன் வேலை இல்லை. போன தண்ணீரை ஆவியாக வெளியே விடுவதே அதன் வேலை. கூடவே வரும் உப்பு பூச்சின் மேற்பரப்பில் பூத்துக் கொட்டும். பூச்சு கொட்டுவது பழுது இல்லை, அந்த அமைப்பு தன் வேலையைச் செய்வதன் அடையாளம். சுவருக்குப் பதில் பூச்சு தன்னைப் பலி கொடுக்கிறது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். மாடியில் நான் போட்ட தளம் வெயிலில் ஒரு மாதிரி விரியும், அடியில் இருக்கும் சுண்ணாம்பு வேறு மாதிரி விரியும். மயிரிழை வெடிப்பு விழும். அதன் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, மேலேயும் போக முடியாமல் பக்கவாட்டிலும் போக முடியாமல், கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனைகளில் தங்கும். கட்டையின் நடுப்பகுதியை எல்லாரும் பார்க்கலாம். சுவருக்குள் இருக்கும் முனையை யாரும் பார்க்க முடியாது. இற்றுப்போவது அந்த முனைதான்.

போதாக்குறைக்கு எடை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் மேல் இரண்டு அங்குல சிமெண்ட் தளம் என்றால் சுமார் 1,200 கிலோ. ஒரு காரைத் தூக்கி மாடியில் நிறுத்திவிட்டு, அதைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எஞ்சினியரிங் படித்தவன்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, பெருக்கல் கணக்கு எல்லாப் பிரிவுக்கும் பொது.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மிதந்தது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அம்மா பட்டாசலில் கட்டிலின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் விடியற்காலையில் அரங்கின் கூரை பாதி கீழே வந்தது. போன் வேலை செய்யாத அந்த மூன்று நாள்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

*

தண்ணீர் வடிந்தபின் அதே கொத்தனார் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். அவர் வெடிப்புகளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இங்க வத்தல் காயப்போடுறத எப்ப நிறுத்துனீங்க?"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் சரியான கேள்வி அதுதான். ஆச்சி இருந்தவரை சித்திரை, வைகாசியில் தினமும் யாராவது மாடிக்குப் போவார்கள். கூழ்வத்தல், மோர்மிளகாய், கருவாடு, புளி. வத்தல் துணியை விரிக்கிறவள் தரையைக் கூட்டாமல் விரிக்க மாட்டாள். கூட்டுகிறவள் கண்ணில் வெடிப்பு படாமல் போகாது. பட்டால் அன்றே ஒரு கை சுண்ணாம்பு. ஐப்பசி மழைக்கு முன்னால் மாடிக்குழாயில் அடைத்த இலையை எடுக்க ஒருவர் ஏறுவார். பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பு. சுண்ணாம்பு, கொஞ்சம் பசை, கொஞ்சம் நீலம். வெள்ளையடிப்பவன் வருடத்துக்கு ஒருமுறை வீட்டின் ஒவ்வொரு அங்குலச் சுவரையும் ஒரு முழத் தூரத்திலிருந்து பார்க்கிறான். அதைவிட முழுமையான ஆய்வை எந்த கன்சல்டன்டும் செய்வதில்லை.

என் தொழிலில் இதற்கு மானிட்டரிங் என்று பெயர். சர்வர் விழுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள ஆயிரம் கருவிகள் வைத்திருக்கிறோம். அந்த வீட்டிலும் அது இருந்தது. தனி வேலையாகப் பெயரிடப்படாமல், சமையலுக்குள்ளும் பண்டிகைக்குள்ளும் மறைந்து கிடந்தது. எமல்ஷன் அடித்தபோது வெள்ளையடிப்பை ஒழித்தேன். வாட்டர்ப்ரூஃப் பூச்சின் மேல் நடக்காதே என்று அம்மாவிடம் சொல்லி வத்தலையும் ஒழித்தேன். கூரை விழுந்ததற்கு சிமெண்ட் பாதிக் காரணம். யாரும் மாடிக்குப் போகாதது மீதிப் பாதி.

ஆக, அந்த நிபந்தனை இதுதான்: வீட்டில் நடக்கும் வேலைகள்தான் வீட்டைத் தாங்குகின்றன.

*

இனி எட்டயபுரம். தூத்துக்குடியிலிருந்து மதுரைச் சாலையில் ஒரு மணி நேரப் பயணம். கடற்கரை உப்பளங்கள் முடிந்து கரிசல் தொடங்கும் நிலம். 1882 டிசம்பர் 11 அன்று சுப்பையா பிறந்த தெரு வீடு. ஐந்து வயதில் தாயை இழந்தான். சமஸ்தானத்தில் பாரதி என்ற பட்டம் பதினொரு வயதில். அப்பா சின்னசாமி ஐயர் பஞ்சு ஆலை வைத்து நொடித்துப்போய் 1898-இல் இறந்தார். அந்த வீழ்ச்சியைப் பாரதி தன் சுயசரிதையான 'கனவு' கவிதையில் எழுதியிருக்கிறார். அதன்பின் காசி, எட்டயபுரம், மதுரை, சென்னை. 1908 முதல் பத்து வருடம் புதுச்சேரி. அங்கே வீட்டுச் சொந்தக்காரரான விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகை கேட்க வந்து, பாட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பிப்போவார் என்று சொல்வார்கள். தூணும் மாடமும் கிணறும் தென்னையும் நிலவொளியும் வேண்டுமென்று பராசக்தியிடம் மனுப்போட்ட கவிஞன் வாழ்ந்ததெல்லாம் பெரும்பாலும் அடுத்தவர் கூரைக்குக் கீழே.

எட்டயபுரத்தில் பாரதிக்கு இரண்டு கட்டடங்கள். ஒன்று மணிமண்டபம். கல்கியின் முயற்சியில் மக்கள் நன்கொடையால் எழுந்து, 1947-இல் ராஜாஜி திறந்துவைத்தது. மற்றது பிறந்த வீடு. மண்டபம் நினைவுக்கென்றே பிறந்தது. அதற்கு வேறு வேலை தெரியாது. விழா நடந்தால் போதும், அதன் பிறவிப்பயன் முடிந்தது. வீடு அப்படி இல்லை. அது சோறு வடிக்கவும் குழந்தை பெறவும் மழைக்கு ஒதுங்கவும் கட்டப்பட்டது. அதை நினைவில்லமாக்கியபோது மண்டபத்தின் வேலையை வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

ஸ்கூலில் படிக்கும்போது சுற்றுலா போனோம். பிறகு ஒருமுறை தனியாகவும் போனேன். இரண்டு முறையும் நான் பார்த்தது படங்களை. சுவரில் மாட்டிய புகைப்படங்கள், பிறந்த இடத்தில் மார்பளவு சிலை. எல்லா நினைவில்லங்களின் மொழியும் இதுதான். சுவர், படம் மாட்டும் பலகையாகிவிடுகிறது. தரை, வரிசை நகரும் பாதை. அடுக்களையில் புகை கிடையாது, மாடியில் வத்தல் கிடையாது. வெள்ளையடிப்பவனுக்குப் பதில் டெண்டர். இது எந்த ஒரு அலுவலகத்தின் தவறும் இல்லை. நினைவில்லம் என்ற வடிவத்திலேயே உள்ள கோளாறு. வீட்டைக் கௌரவிக்க முதலில் அதிலிருந்து வேலைகளை வெளியேற்றுகிறோம். பிறகு கூரை விழும்போது ஆச்சரியப்படுகிறோம்.

வாசிப்பிலும் இதனால் ஒரு நஷ்டம் உண்டு. தாயில்லாத ஒரு குழந்தை எந்த இருட்டைத் தாண்டிக் கொல்லைக்குப் போயிருக்கும், தெருப் பேச்சு திண்ணையிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே கேட்டிருக்கும் என்பதையெல்லாம் அந்த வீடு மட்டும்தான் சொல்ல முடியும். புகைப்படங்களை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

*

விழுந்ததை மீண்டும் கட்டுவது எப்படி? இந்த மாவட்டத்திலேயே இரண்டு பதில்கள் இருக்கின்றன, இரண்டும் ஒரே ஊரில்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1799-இல் வீழ்ந்து, கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801-இல் தப்பிய ஊமைத்துரை முதலில் செய்த காரியம் கோட்டையைத் திரும்ப எழுப்பியது. மண்ணால், ஊர்க்காரர்களின் கைகளால், மிகச் சில நாள்களில். கம்பெனிப் படையின் முதல் தாக்குதல்களை அந்த மண்சுவர் தாங்கியது. மே மாதம்தான் வீழ்ந்தது. அதற்குப் பிறகு தரைமட்டம். 1974-இல் தமிழக அரசு அங்கே கோட்டை வடிவத்தில் ஒரு நினைவுக் கட்டடம் எழுப்பியது.

முன்னோர் கோட்டை எப்படி இருந்தது என்பதைவிட, 1959-இல் வந்த சிவாஜி படத்தின் அரங்க அமைப்பைத்தான் 1974-இன் கட்டடம் எனக்கு நினைவூட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சில் வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர், புதுப்பித்தல் என்பது கட்டடத்தை ஒருபோதும் இருந்திராத முழுமைக்குக் கொண்டுவருவதாகவும் இருக்கலாம் என்று வாதிட்டார். அந்தக் கட்சி அது. ஊமைத்துரை கட்டியது பார்க்க எப்படி இருந்ததோ தெரியாது. ஆனால் அது கோட்டையின் வேலையைச் செய்தது. அண்ணன் கோட்டையை நினைவுகூர்வதற்கு அவன் கண்ட வழி, அதை மறுபடி கோட்டையாகப் பயன்படுத்துவது.

கவிஞர் வில்லியம் மாரிஸ் 1877-இல் இங்கிலாந்தில் பழைய கட்டடங்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அதன் அறிக்கை புதுப்பித்தலைக் கடுமையாக எதிர்க்கிறது. அதற்குப் பதிலாக அவர் கேட்பது அன்றாடப் பராமரிப்பு. ஆச்சி மாரிஸைப் படித்ததில்லை, மாரிஸ் வத்தல் பார்த்ததில்லை. இருவரும் சொன்னது ஒன்று. ஜப்பானில் இசே கோவிலை இருபது வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013-இல் கட்டினார்கள், அது 62-வது முறை. அங்கே ஒரு மரத்துண்டும் பழையது இல்லை. பழையது தச்சர்களின் கை.

*

இதோடு முடித்திருந்தால் அழகான கட்டுரை. ஆனால் இரண்டு தடைகள் இருக்கின்றன.

முதல் தடை கடலிலிருந்து வருகிறது. மரபு முறையில், மரபுப் பொருளில் கட்டுங்கள் என்று சொல்வது எளிது. தூத்துக்குடியின் பழைய சுவர்களைக் கொத்திப் பார்த்தால் பல இடங்களில் பவளப்பாறைக் கல் வரும். எங்கள் அரங்குச் சுவரிலும் வந்தது. தேன்கூடு போல ஓட்டைகள், கையில் எடுத்தால் எடையே இல்லை. ஒரு கல்லை மேசை மேல் வைத்திருக்கிறேன். அந்தக் கல்லுக்காகவும் சுண்ணாம்புக்காகவும் பவளப்பாறைகளைத் தலைமுறைகளாக வெட்டினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், கடலில் மூழ்கிவிட்டன. பவளப்பாறை வெட்டியது அதற்கு முக்கியமான காரணம் என்கிறார்கள். விலாங்குச்சல்லி தூத்துக்குடிப் பக்கத்துத் தீவு. 1986-இல் அந்தக் கடல் தேசியப் பூங்காவானது. 2001-இல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு வந்தது. நல்லது. ஒரு கரையின் அழகான வீடுகளுக்குக் கடல் கொடுத்த விலை அது. 'அசல் பொருள்' என்று நாம் சொல்வதில் பழி கிடையாது என்று நினைக்கக் கூடாது.

இரண்டாவது தடை இன்னும் கூர்மையானது. வேலைகள்தான் வீட்டைத் தாங்கின என்றேன். யாருடைய வேலைகள்? வத்தல் போட்டவள் ஆச்சி. சன்னலில்லாத அரங்கில் பிள்ளை பெற்றவளும் அவள்தான். மாதத்தில் மூன்று நாள் புறவாசலில் ஒதுங்கியவளும் அவளே. வெள்ளையடிக்க வந்தவருக்குத் தண்ணீர் தனிச் செம்பில். அக்ரகாரத் தெருவுக்குள் யார் நடக்கலாம் என்பதற்கே விதிகள் இருந்த காலத்தில், எட்டயபுரத்து வீட்டுத் திண்ணை எல்லாருக்கும் திறந்திருந்தது என்று கற்பனை செய்ய முடியாது. படிப்படியாக உள்ளே இழுக்கும் வாக்கிய அமைப்பு என்று மேலே வியந்தேனே, அந்த வாக்கியம் பலரை வாசலிலேயே நிறுத்திவைத்த வாக்கியம். இதைப் பாரதி அறிந்திருந்தார். புதுச்சேரியில் கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டவர் அவர். அந்த வீட்டின் விதியை உடைத்துக்கொண்டு வெளியே போனதால்தான் நாம் அவர் பிறந்த வீட்டைத் தேடிப்போகிறோம்.

இந்த இடத்தில் நினைவில்லத்துக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும். சாதி கேட்காமல் எல்லாரையும் கூடம்வரை விட்டது அதுதான். என் வகுப்பில் நாற்பது பேர் ஒரே வாசல் வழியாக உள்ளே போனோம். 1882-இல் எங்களில் முக்கால்வாசிப் பேரைத் தெருமுனையிலேயே தடுத்திருப்பார்கள். வீட்டை வீடாகவே காத்திருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே 'அப்படியே காப்பது' என்று ஒன்று கிடையாது. எதைக் காப்பது, எதை விடுவது என்று ஒருவர் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். பதிப்பாசிரியர் செய்யும் வேலை அது. பாரதியின் பிரதிகளில் பாடபேதம் பார்த்து, காலவரிசை பார்த்து, எது எப்போது எங்கே வெளியானது என்று ஆயுளையே செலவழித்த பதிப்பாசிரியர்கள் நமக்கு உண்டு. ஒரு கமாவுக்குச் சண்டை போடுகிறோம். அவர் பிறந்த கூரையின் கட்டை பனையா தேக்கா, எந்த வருடம் யார் எதை மாற்றினார்கள் என்று நாம் கேட்பதில்லை. ஒரு கவிதையில் சொல்லை மாற்றினால் அடிக்குறிப்பு கேட்கும் நாம், சுவரில் சிமெண்ட் ஏறும்போது ஏன் கேட்கவில்லை?

*

என் பதிப்புத் தேர்வுகளைச் சொல்லிவிடுகிறேன். மறுக்கலாம்.

பொருளைவிட நடத்தை முக்கியம். நாங்கள் கோடில் இன்டர்ஃபேஸ் ஒன்று, இம்ப்ளிமென்டேஷன் வேறு என்போம். பவளக்கல் வேண்டாம், செங்கல் போதும். ஆனால் மூச்சு விடும் சுவர் வேண்டும், அதனால் சுண்ணாம்பு வேண்டும். கடற்சுண்ணாம்புதான் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டதே போதும். இற்ற கட்டைக்குப் பதில் புதுக்கட்டை போட்டால் அது புதுசு என்று தெரியட்டும், பழசு போல வண்ணம் பூச வேண்டாம். எந்த வருடம் எது மாறியது என்ற பட்டியல் புகைப்படங்களுக்குப் பக்கத்தில் சுவரில் தொங்கட்டும். அதுவும் அந்த வீட்டின் சுயசரிதைதான். பழுதுபார்ப்பு நடக்கும் நாள்களில் வீட்டைப் பூட்டாமல், பாதுகாப்பான தூரத்தில் பிள்ளைகளை நிற்கவைத்துக் கடுக்காய்த் தண்ணீரைக் காட்டலாம்.

முக்கியமாக, வேலைகளைத் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டும், பழைய விதிகள் இல்லாமல். திண்ணையில் மாலை நேரப் படிப்பகம். அடுக்களையில் விழா நாளிலாவது அடுப்பு, சமைப்பவர் யாராகவும் இருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை, டிசம்பர் பிறந்தநாளுக்கு முன்னால், ஊர்க்காரர்களும் கொத்தனார்களும் சேர்ந்து வெள்ளையடிப்பு. மாலை போடுவதற்குப் பதில் ஒரு மட்டை சுண்ணாம்பு. மாலை மறுநாள் வாடிவிடும். சுண்ணாம்பு அடிக்கும்போது ஒருவர் கண் சுவருக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கும்.

இதையெல்லாம் எழுதி முடித்து அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். எங்கள் அரங்கு இன்னும் பாதிக் கூரையோடுதான் நிற்கிறது. மேலே தார்ப்பாய். அண்ணன் இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்கிறான். நான் சுண்ணாம்பு என்று பிடிவாதம் பிடித்ததில் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிதான்யா. எனக்கு அறுபத்தெட்டு வயசாச்சு. மொழங்கால் ரெண்டும் போச்சு. வத்தலு கடையில கிடைக்கு. ஒனக்கு அந்த மாடி வேணும்னா நீ வந்து காயப்போடு."

பதில் சொல்லத் தெரியவில்லை. வேலைகள்தான் வீட்டைத் தாங்கும் என்று நான் இவ்வளவு நேரம் எழுதியதெல்லாம், அவள் காதில் இன்னொருமுறை அவளுக்கே வேலை சொல்வதாகத்தான் விழுந்திருக்கிறது. அது நியாயமும்கூட. கட்டுரையில் நான் யாரையும் மாடி ஏறச் சொல்லலாம். அந்த ஏணியில் இதுவரை ஏறாதவன் நான்தான்.

கொத்தனார் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். சுண்ணாம்பை நீற்றி ஒரு மாதமாவது ஊறப்போட வேண்டும் என்றார். கட்டை அடிக்க ஆள் கிடைக்காது, இரண்டு பேரைப் பழக்க வேண்டும் என்றார். "ஒரு ஆளு நீங்களே வாங்க தம்பி, கம்ப்யூட்டர் கை நல்லாத் தாளம் போடும்" என்று சிரித்தார். ஜனவரியில் இரண்டு வாரம் லீவு கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று போட்டிருக்கிறேன்.